துட்டி வீட்டுத் தண்ணீர்

12 பிப்ரவரி 2025, புதன்

இன்றும் தட்டு பறந்தது. ரசத்தில் உப்பில்லையாம். வாய்க்காலில் தண்ணீர் குறைந்துவிட்டது, அதுதான் விஷயம். அது எனக்கும் தெரியும், என் வீட்டுக்காரர் சுருளிராஜனுக்கும் தெரியும். திராட்சை பிஞ்சு பிடிக்கிற நேரத்தில் ஒரு முறைத் தண்ணீர் தவறினால் கொத்து முழுக்கக் கொட்டிப்போகும். அந்தக் கோபம் ரசத்தின் மேல். தட்டை நான் எடுக்கவில்லை. எறிந்தவரே எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கொழுந்தன் ஈஸ்வரபாண்டிதான் எடுத்து வைத்தான்.

சாப்பிடும்போது அவன் கேட்டான். "மதினி, பிளாக்செயினு பிளாக்செயினுங்கிறீக. அது காயினு யாவாரந்தானே? ஆண்டிபட்டியில ஒருத்தன் அதுல போட்டு வீட்டையே வித்தானாம்."

எனக்குச் சுருக்கென்றது. நீர்ப்பாசனச் சங்கத்தில் கணக்கு பார்ப்பவள் நான். தேனியிலிருந்து பொறியாளர் அஜய்குமாரை வரவழைத்து இதைக் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதற்கு முன்னால், எந்த வயலுக்கு எப்போது முறை என்று எழுதிய நோட்டு ஒவ்வொரு கோடையிலும் கிழிந்தது. இரண்டு தடவை நோட்டோடு மண்டையும் கிழிந்தது. காயின் அதில் ஒரு உபயோகம், அவ்வளவுதான். ஏலக்காய் மூட்டை எந்தத் தோட்டத்தது, பட்டா யார் பேரில், சான்றிதழ் நிஜமா என்று பார்க்கவும் இதைத்தான் வைக்கிறார்கள் என்று அஜய்குமார் சொல்லியிருக்கிறார்.

கொழுந்தனுக்குப் பாடமே எடுத்தேன். கணக்கு ஒரு இடத்தில் இல்லை. சங்கத்தில் ஏழு கணக்குக் காவலர்கள், நானும் ஒருத்தி. ஏழு போன், ஏழிலும் ஒரே கணக்கு. மடைப் பூட்டைத் திறக்க ஆளுக்கொரு சாவி எண். யார் சாவிக்கும் பூட்டு திறக்கும், தடுக்காது. ஆனால் யார் சாவி, என்ன நேரம் என்று ஒரு வரி விழுந்துவிடும். அன்றைய வரிகள் சேர்ந்தது ஒரு பக்கம். பக்கத்தை மொத்தமாக அரைத்தால் ஒரு முத்திரை வரும். மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் பக்கத்தில் ஒரு புள்ளி மாறினாலும் வேறு முத்திரை வரும். அந்த முத்திரை அடுத்த பக்கத்தின் தலையில் உட்காரும். பக்கங்கள் சங்கிலியாகக் கோத்திருப்பதால், பழைய பக்கத்தைத் தொட்டால் பிறகு உள்ளதெல்லாம் குலையும்.

"எல்லாத்தையும் மறுபடி கோக்கணும்னா ஏழுல நாலு பேரு சாவி போட்டு ஒத்துக்கிடணும். நடக்கிற காரியமா?" என்றேன்.

"நாலு போதுமா மதினி?"

"போதும்" என்றேன். பெருமையாகத்தான் இருந்தது.

14 பிப்ரவரி, வெள்ளி

இந்த வார முத்திரையின் கடைசி எட்டு எழுத்தை மேல்மடைச் சுவரில் காவியால் எழுதிவிட்டு வந்தேன். "ஊர் கண்ணுல படுற ஒரு இடத்துல போட்டு வைங்க. போனுக்குள்ள இருக்கிறதுக்கு வெளியில ஒரு சாட்சி வேணும்" என்று அஜய்குமார் சொன்னதிலிருந்து எல்லா வெள்ளியும் எழுதுகிறேன். ஊருக்கு இது வேடிக்கை. "மடைக்கு மந்திரிக்கிறியா ஆத்தா?" என்று ஆடு மேய்க்கிறவர் வரை கேட்டாகிவிட்டது.

19 பிப்ரவரி, புதன்

உரக்கடை எபனேசர் அண்ணாச்சியிடம் பூச்சிமருந்து வாங்கப் போனேன். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நாலு போன்கள் வரிசையாக. நாலும் நம் காவலர்களுடைய போன்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் சாவி எண் எழுதிய துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கிறது!

அந்த நாலு பேரும் விடியும் முன் ஜீப் ஏறி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். அங்கே டவர் கிடையாது, கங்காணி போனைப் பார்த்தால் சத்தம் போடுவான். அதனால் அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவர் எல்லாருக்கும் சேர்த்து 'சரி' அமுக்குகிறார்.

கத்திவிட்டேன். ஏழு பேரிடம் பிரித்து வைத்ததே ஒரு கைக்குள் அடங்கக்கூடாது என்றுதானே? சாயங்காலம் ஜீப்பில் வந்து இறங்கிய ராமுத்தாய் அக்கா சிரித்தார். அவரும் அந்த நாலில் ஒருவர்.

"அண்ணாச்சி யாரு, திருடரா? எங்க ரேசன் கார்டே அவருகிட்டத்தான் கெடக்கு. போவியா."

அண்ணாச்சி திருடர் இல்லைதான். நானும் வந்துவிட்டேன்.

3 மார்ச், திங்கள்

எங்களுக்கு அடுத்த கீழ்வயல் லிங்கேஸ்வரனின் அப்பா காலையில் இறந்துவிட்டார். துக்கம் கேட்கத் துட்டிக்குப் போய் வந்தோம்.

வருகிற வழியில் சுருளிராஜன், "புதங்கெழம அவுக மொறை. காரியம் முடியுமட்டும் துட்டி வீட்டுக்காரன் மடையத் தொடமாட்டான். தண்ணி மேவயலுக்குத்தானே, நமக்கு ஆச்சு. பெறகு திருப்பிக் குடுத்திருவோம்" என்றார். இந்த வாய்க்காலில் என்றைக்கும் அப்படித்தான். நானும் தலையாட்டினேன்.

5 மார்ச், புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மேல்மடையில் வெட்டு. லிங்கேஸ்வரனின் தம்பி சுந்தரலிங்கத்தின் கால். ராஜன் மம்பட்டியால்... முழங்காலுக்குக் கீழே. நான் ஓடிப்போனபோது வாய்க்கால் தண்ணீர் சிவப்பாகப் போய்க்கொண்டிருந்தது. சுந்தரலிங்கம் கரையில் புரண்டு மண்ணைக் கடித்துக்கொண்டு கிடந்தான். அவன் மண்டைக்கு மேலே இன்னொரு தடவை மம்பட்டி ஓங்கியிருந்தது. ஐயோ, நான் கட்டிய மனுசனா இது! பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் என் வாயில் ஒரு குத்து. பல் ஆடுகிறது. விடவில்லை நான்.

லிங்கேஸ்வரனின் ஆட்கள் வந்து ராஜனை அடித்தார்கள். இடது காது பாதி தொங்குகிறது.

6 மார்ச், வியாழன்

சுந்தரலிங்கம் தேனி ஆஸ்பத்திரியில். அங்கேயே போலீஸ் வந்தது. காதில் கட்டோடு ராஜன் சொன்னது: "எங்க மொறையில அவன் பூட்ட ஒடச்சு மடையத் தொறந்தான் சார். கேட்டதுக்கு அருவாள எடுத்தான். நான் தடுத்தேன்."

அருவாளா? நான் எந்த அருவாளையும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தேன். புதன்கிழமைப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: மேல்மடைப் பூட்டு, திறந்த சாவி — நாகஜோதி.

என் பெயர்! நான் அடுப்படியில் இருந்தேன். போனை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். சாவி எண் அவருக்குத் தெரியும், நான்தானே சொன்னேன்.

கேட்டேன். முதலில் முறைத்தார். பிறகு உட்கார்ந்து அழுதார்.

"துட்டி வீட்டு மொறை நமக்குத்தானேன்னு தொறந்தேன் ஜோதி. அவன் வந்து போன நீட்டுறான். இதுல எங்க வீட்டுப் பேருதான் போட்டிருக்கு, பாய்ச்சாம விட்டா அடுத்த மொறை போயிரும், சங்கிலிக்கு என்ன தெரியும் துட்டியும் தீட்டும்னான். அப்பன் பொணம் போய் ரெண்டு நாளு ஆகல. கண்ணு மண்ணு தெரியல எனக்கு."

சங்கிலிக்குத் தெரியாது. உண்மைதான். பாய்ச்சாத முறை கழியும் என்று விதி எழுதிய அன்று ஊரே உட்கார்ந்திருந்தது. துட்டி வீட்டு முறையை எல்லாருக்கும் தெரியும் என்பதால் யாருமே சொல்லவில்லை.

"அப்ப இதையே போலீசுல சொல்லுங்க" என்றேன். "பூட்ட அவன் ஒடச்சான்னு ஏன் சொன்னீக?"

காதுக் கட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போய்விட்டார்.

7 மார்ச், வெள்ளி

முத்திரையைச் சுவரில் எழுதினேன். புதன்கிழமைப் பக்கமும் அதற்குள்தான் இருக்கிறது. கரையில் ரத்தம் காய்ந்து ஈ மொய்க்கிறது.

10 மார்ச், திங்கள்

சுந்தரலிங்கத்தின் காலை எடுத்துவிட்டார்கள்.

பகலிலேயே வந்து பழி வாங்கிவிட்டுப் போனார்கள். லிங்கேஸ்வரனும் கூட ஆறேழு பேரும். திராட்சைக் கொடிகளை வேரை ஒட்டி வெட்டினார்கள். பந்தல் கம்பியை அறுத்ததும் மொத்தப் பந்தலும் பிஞ்சோடு சரிந்து விழுந்தது. நான் கல்லை எடுத்து எறிந்தேன். ஒருத்தன் நெற்றி உடைந்தது. சந்தோசமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இன்னொருத்தன் என் முடியைப் பிடித்து இழுத்து வெட்டிப்போட்ட கொடி மேல் தள்ளினான். ராஜன் அசையாமல் வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

13 மார்ச், வியாழன்

பாவி! பாவி!

ஈஸ்வரபாண்டி இரும்புக் கம்பியோடு கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு உரக்கடைக்குள் புகுந்திருக்கிறான். எபனேசர் அண்ணாச்சி போன்களின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாராம். விரல்களைக் கம்பியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தி எடுத்திருக்கிறார்கள். மூன்று விரல் முறிந்தது. நாலு போன், நாலு சாவி எண், எல்லாம் முதுகில் ஒட்டி வைத்திருக்கிறதே. புதன்கிழமைப் பக்கத்தை விலக்கிவிட்டு, மிச்சத்தைப் புதிதாகக் கோர்த்துவிட்டான். மடையைப் போலீஸ் வந்து பார்க்கும் முன் பூட்டையும் போய் உடைத்துப்போட்டான். சாவி வரி இல்லாவிட்டால் உடைத்துத் திறந்ததாகத்தானே ஆகும், கதை பொருந்த வேண்டுமே.

கையில் இல்லாத சாவிக்குக் கையெழுத்துப் போட அவனால் முடியாது. சுந்தரலிங்கம் திறந்ததாக எழுத முடியாது. ஆனால் இருந்ததை இல்லாமல் ஆக்க முடியும். ஆக்கிவிட்டான். நாலு பேர் சொல்வதே கணக்கு என்பதால் மற்ற மூன்று போனும் தானே மாறிக்கொண்டன. லிங்கேஸ்வரன் போனும்தான். என் போனும்தான். ஏழிலும் இப்போது ஒரே பொய்.

வீட்டுக்கு வந்து சிரிக்கிறான். "நீங்கதானே மதினி சொன்னீக, நாலு போதும்னு. அண்ணனக் காப்பாத்திட்டேன்ல?"

தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அவன் முகத்தில் அடித்தேன். உதடு கிழிந்தது. அதற்கும் சிரித்தான்.

14 மார்ச், வெள்ளி

"சுவத்துல புது முத்திரைய எழுதிருங்க மதினி, சந்தேகம் வரப்போகுது" என்கிறான். போனேன். காவியைக் கரைத்தேன். எழுதாமல் திரும்பி வந்துவிட்டேன்.

போன வெள்ளி எழுதியது அப்படியே இருக்கிறது. அது பழைய கணக்கின் முத்திரை. இன்றைக்குப் போனில் அதே வெள்ளிக்கு வேறு முத்திரை. தினமும் ஊரே அந்தச் சுவரைத் தாண்டித்தான் போகிறது. யாருக்கும் புரியவில்லை. என் கொழுந்தனுக்கும் புரியவில்லை.

விலக்கிய பக்கம் அழியவில்லை, என் போனில் ஒரு ஓரத்தில் கிடக்கிறது. அதையும் சேர்த்து அந்த வெள்ளி வரை மறுபடி அரைத்தால் சுவரில் உள்ள எட்டு எழுத்தும் வரும். இதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அஜய்குமாரின் போன் அணைந்து கிடக்கிறது, அவரையும் மிரட்டியிருப்பார்கள். மிச்சம் நான்.

சொன்னால் ராஜன் உள்ளே போவார். சொல்லாவிட்டால்?

18 மார்ச், செவ்வாய்

அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். மாவுக்கட்டுக் கையோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். போலீசில் யாரையும் அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டாராம். "எம் மகளுக்கு வைகாசியில கல்யாணம்மா" என்றார். வந்த வழியே படியிறங்கினேன்.

ராமுத்தாய் அக்கா படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "போனுன்னு நெனச்சேன்டி. எங் கையவில்ல அறுத்து இங்கன வச்சிட்டுப் போயிருக்கேன்."

22 மார்ச், சனி

சுந்தரலிங்கத்தின் மனைவி பூமாரி வந்தாள். தனியாக. எங்கள் வாசலில் நின்று காறித் துப்புவாள் என்று நினைத்தேன். துப்பவில்லை.

"அக்கா, பூட்ட ஒடச்சான்னு எங்க மொறையெல்லாம் ரத்து பண்ணிட்டாக. தென்னையெல்லாம் குருத்து காயுது. அது போகட்டும். காலில்லாம கெடக்கிற மனுசன் மேல திருட்டுக் கேசு. கட்டிலோட விலங்கு போட்டு வச்சிருக்காக. சீப்புடிச்சுக் காச்ச வேற. போனு பொய் சொல்லாதுன்னு மைக்குல நீங்கதான சொன்னீக?"

ஆமாம், நான்தான் சொன்னேன்.

24 மார்ச், திங்கள்

மதியம் ராஜனிடம் சொல்லிவிட்டேன், புதன்கிழமை இன்ஸ்பெக்டரை மடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன் என்று.

என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார். "நான் உள்ள போனா ஒனக்கு என்னடி கெடைக்கும்?"

மூச்சு வந்ததும் சொன்னேன். "ஒண்ணும் கெடைக்காது. நீ தொறந்தது நம்ம வாய்க்கா மொறைப்படி சரி. அத நான் ஊரக் கூட்டிச் சொல்வேன். வெட்டுனது தப்பு. பொய் சொன்னது அதவிடத் தப்பு. கட்டில்ல கெடக்கிறவனத் திருடனாக்கிட்டு நான் ஒன்கூடக் கஞ்சி குடிக்கவா?"

கையை எடுத்துவிட்டார். கழுத்தில் அஞ்சு விரலும் பதிந்திருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு இந்த மனுசன் மேல் பிரியம் போக மாட்டேன் என்கிறது, அதுதான் எனக்கு ஆத்திரம்.

20 ஏப்ரல், ஞாயிறு

இடது கையால் எழுதுகிறேன். ஒரு வரிக்கு ஒரு யுகம் ஆகிறது. எழுதாமல் விட முடியாது.

அந்தப் புதன்கிழமை மடையில் ஊர் கூடிவிட்டது. இன்ஸ்பெக்டர் என் போனைப் பார்க்க, விலக்கிய பக்கத்தையும் சேர்த்த பழைய முத்திரையை நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, ராமுத்தாய் அக்காவின் மகள் அனுஷ்கா சுவரைப் பார்த்துச் சரி, சரி என்று கத்தினாள். மூன்றாவது எழுத்திலேயே ஈஸ்வரபாண்டிக்குப் புரிந்துவிட்டது. கடப்பாறையோடு பாய்ந்தான். முதல் குத்தில் சாந்து பெயர்ந்தது. இரண்டாவது குத்து விழும்போது எழுத்தின் மேல் என் வலது கை இருந்தது. வேண்டுமென்று வைத்தேனா? யோசிக்கவெல்லாம் இல்லை. கை போய்விட்டது அங்கே. எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது.

எழுத்து தப்பியது. மிச்சத்தையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் விழுந்தேனாம். அனுஷ்கா சொன்னாள்.

என் ரத்தத்தைப் பார்த்ததும் ராஜன் தம்பியை அடித்துக் கீழே போட்டிருக்கிறார். பிறகு இன்ஸ்பெக்டர் முன்னால் கையை நீட்டினாராம். "நாந்தான் தொறந்தேன். நாந்தான் வெட்டுனேன். அவன் பூட்டத் தொடல." அண்ணனும் தம்பியும் மதுரை ஜெயிலில் இருக்கிறார்கள்.

மூன்று விரல் இனி மடங்காது என்கிறார்கள்.

23 ஏப்ரல், புதன்

சங்கக் கூட்டம். ரத்து பண்ணிய லிங்கேஸ்வரன் வீட்டு முறைகளைத் திருப்பிக் கொடுத்தோம். சாவி எண்ணை இனி யாரும் யாரிடமும் கொடுப்பதில்லை. டவர் இருக்கிற இடத்துக்கு வந்து அவரவரே அமுக்க வேண்டும். பாதிப் பேர் முனகினார்கள். எபனேசர் அண்ணாச்சி எழுந்து தன் விரல்களைக் காட்டினார். முனகல் நின்றது.

துட்டி வீட்டு முறையையும் சங்கிலியில் விதியாக எழுதிவிட்டோம். யார் வீட்டில் சாவு என்று காவலர்கள் நாலு பேர் பதிந்தால் போதும், அந்த வீட்டு முறை தானாக மேல்வயலுக்குப் போய்விடும். லிங்கேஸ்வரன் தன் சாவியைப் போட்டு ஒத்துக்கொண்டார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

1 மே, வியாழன்

ஜெயிலில் மனு போட்டு ராஜனைப் பார்த்தேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்பிடுறியா?" என்று மட்டும் கேட்டார்.

6 மே, செவ்வாய்

சுந்தரலிங்கம் செத்துப்போனான். புண்ணில் சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டதாம்.

இனி கொலை வழக்கு.

துட்டிக்குப் போகவில்லை. போகிற முகமா இது. தெருமுனை வரைக்கும் போய் நின்றேன், பூமாரி அழுகிற சத்தம் கேட்டது, திரும்பிவிட்டேன்.

9 மே, வெள்ளி

காலையில் போன் அதிர்ந்தது. துட்டி வீட்டு முறை. கொடுப்பவர்: லிங்கேஸ்வரன் குடும்பம். பெறுபவர்: நாகஜோதி.

ஊரே சேர்ந்து எழுதிய விதி. முதல் சாவு அந்த வீட்டில், முதல் தண்ணீர் எனக்கு. அந்த நாலு பேர் சாவி போட்டுப் பதிந்திருக்கிறார்கள். தப்பு ஒன்றும் இல்லை, எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கிறது. அடுப்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பிறகு மம்பட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மேல்மடையில் யாரும் இல்லை. என் சாவியைப் போட்டேன், பூட்டு திறந்தது. தண்ணீர் எங்கள் வயலுக்குள் வந்தது. வெட்டிப்போட்ட அடிக்கட்டைகளைத் தவிர அங்கே என்ன இருக்கிறது? பாய்ச்ச ஒரு கொடி இல்லை. இடது கையாலும் முழங்காலாலும் மம்பட்டியை அழுத்திக் கீழ்வரப்பை வெட்டிவிட்டேன். அந்த மம்பட்டி இல்லை, அதன் ஜோடி. வெட்டியதைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. எங்கள் வீட்டில் இரண்டு உண்டு, இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை.

தண்ணீர் இறங்கி லிங்கேஸ்வரனின் தோப்புக்குள் போனது. துட்டி வீட்டுக்காரர்கள்தான் மடையைத் தொடக்கூடாது. நான் தொடலாம். கடைசித் தென்னை நனையும் வரை நின்றேன். தோப்பின் அந்தப் பக்கம் பூமாரி நின்றிருந்தாள். தண்ணீர் காலடிக்கு வந்தபோது விலகவில்லை.

அடைத்துவிட்டுப் போனைப் பார்த்தேன். தண்ணீர் பெற்ற வயல்: நாகஜோதி. ஏழு பேரும் சரி என்று ஒத்துக்கொண்டாயிற்று. இனி யாராலும் மாற்ற முடியாது.

இன்று வெள்ளி. முத்திரையை இடது கையால்தான் எழுதினேன். கோணலாக இருக்கிறது. படிக்க முடிகிறது.